தேவதைக் கதைகளை இருட்டாக எடுக்கிற அனிமேஷன் படங்கள்: பிள்ளைகளுக்கு ஆகுமா?

பிப்ரவரி 2, இரவு (கேள்வி)

எங்கள் பெண்ணுக்கு எட்டு வயது. நேற்று சின்ட்ரெல்லா என்று தேடி, அழகாக வரைந்திருந்த ஒரு படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கதையில் சின்ட்ரெல்லாதான் வில்லியாம். மேலும் தேடினால் சிவப்புத் தொப்பிக்காரி, எலி பிடிப்பவன் என்று எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகளின் கதையில் ரத்தத்தைக் கலந்து பெரியவர்களுக்கு விற்கிறார்கள், வேறொன்றும் இல்லை. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, காலை

இல்லை என்றுதான் சொல்வேன். ரத்தம் அந்தக் கதைகளில் ஏற்கெனவே இருந்தது. ஜெர்மனியில் நாட்டுக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே சின்ட்ரெல்லாவின் அக்காக்கள் செருப்புக்குள் நுழைவதற்காகக் காலை வெட்டிக்கொள்கிறார்கள். புறாக்கள் வந்து அவர்கள் கண்ணைக் கொத்துவது 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. அதாவது பதிப்புக்குப் பதிப்பு தண்டனை கூடியிருக்கிறது. ஸ்னோ ஒயிட்டின் ராணியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிடுகிறார்கள். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், 1697-ல், பிரான்சில் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடுகிறது, கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வயிற்றைக் கிழித்து வெளியே எடுக்க யாரும் வருவதில்லை.

1937-ல் டிஸ்னி எடுத்த ஸ்னோ ஒயிட்டைச் சாது படம் என்று நினைக்கிறோம். காட்டுக்குள் அந்தப் பெண் ஓடுகிற இடத்தையும் ராணி கிழவியாக மாறுகிற இடத்தையும் இன்று போட்டுப் பாருங்கள். பிரிட்டன் தணிக்கையில் அந்தப் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ்தான் கொடுத்தார்கள், பெரியவர்கள் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று.

நீங்கள் சொல்கிற தொடர் எது என்று தெரிகிறது. 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜப்பானியத் தொடர், ஆறு கதைகள். அதை எட்டு வயதுக்குக் காட்டக் கூடாது. அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

பிப்ரவரி 3, மதியம்

விட்டுப்போன ஒன்று. அந்தத் தொடரின் பாத்திரங்களை வரைந்தது கிளாம்ப் என்ற ஜப்பானிய ஓவியர் குழு. பெரிய கண், மென்மையான முடி, நல்ல நல்ல உடுப்பு. முகப்புப் படத்தை வைத்து வயதைக் கணிக்கவே முடியாது. உங்கள் மேல் தவறே இல்லை. படத்துக்குக் கீழே இருக்கிற வயது எண்ணை மட்டும் பார்த்துப் பழகுங்கள்.

பிப்ரவரி 5, இரவு

மத்தியானம் முழுக்க இதே யோசனை. கோபாலபுரம் வரை பஸ்ஸில் போய்வந்தபோதும் இதுதான் மண்டைக்குள் ஓடியது. இருட்டாக எடுக்கிறார்கள் என்பது எனக்குக் குறையே இல்லை. தவறான இடத்தில் இருட்டைத் தேடுகிறார்களே என்பதுதான் குறை.

ஹான்சல் கிரேட்டல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சூனியக்காரி, மிட்டாய் வீடு, அடுப்பு, இதெல்லாம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் கதை தொடங்குவது பஞ்சத்தில். விறகுவெட்டி வீட்டில் ரொட்டி இல்லை. ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் படுக்கையில் பேசிக்கொள்கிறார்கள், நாளைக்குப் பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் நாலு பேரும் சாக வேண்டியதுதான் என்று. பசியில் தூக்கம் வராமல் பிள்ளைகள் இரண்டும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கதை முழுக்க இதைவிடப் பயங்கரமான இடம் வேறு இல்லை. பையன் எழுந்துபோய் நிலா வெளிச்சத்தில் கூழாங்கல் பொறுக்கிப் பையில் நிரப்பிக்கொள்கிறானே, அவனுக்கு அப்போதே உலகம் தெரிந்துவிட்டது. சூனியக்காரி அதற்கப்புறம் வருகிற சின்ன விஷயம்.

முதல் பதிப்பில் அந்தப் பெண் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஸ்னோ ஒயிட்டிலும் முதலில் பெற்ற தாய்தான், 1819-ல் மாறியது. கண்ணைக் கொத்துவதைக் கூட்ட அவர்களுக்குக் கை கூசவில்லை, பெற்ற தாய் இப்படிச் செய்வாள் என்பதை மட்டும் தாங்கமுடியவில்லை. எதைக் கண்டு பெரியவர்கள் நிஜமாகவே பயப்படுகிறார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

இப்போது வருகிற பல ‘இருண்ட’ படங்கள் சூனியக்காரிக்குப் பல்லை நீளமாக்கும், காட்டைக் கறுப்பாக்கும், பஞ்சத்தைத் தொடவே தொடாது. பிள்ளைகள் எதற்கு அந்தக் காட்டுக்கு வந்தார்கள் என்று கேட்டால் படத்திடம் பதில் இருக்காது.

பிப்ரவரி 6, காலை

கீழே ஒருவர், ‘பஞ்சமெல்லாம் வெள்ளைக்காரன் கதையில், நம் பாட்டிகள் பிள்ளைகளுக்கு இப்படியா சொன்னார்கள்?’ என்று எழுதியிருக்கிறார். சொன்னார்கள் ஐயா. நல்லதங்காள் எந்த ஊர்க் கதை?

எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், அந்தக் கதையைக் கடலைக்காய் உரித்துக்கொண்டே சொல்வார். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை, ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நல்லதங்காள் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அப்புறம் உலையேற்ற ஓட்டைப் பானை, எரிக்கப் பச்சை வாழைமட்டை. இந்த இடத்தில் அம்மிச்சியின் கை நின்றுவிடும். ‘பச்சை மட்டை எங்கிருந்து எரியும், புகைதான் வரும்’ என்பார். அந்தப் புகை எங்கள் கண்ணுக்கே எரியும். கிணற்றில் ஒவ்வொரு பிள்ளையாகப் போடுவதை நிறுத்தி நிறுத்திச் சொல்வார், மூத்தவன் கெஞ்சுவதையும் விடமாட்டார். எங்களுக்கு ஏழெட்டு வயதுதான். கேட்டு அழுதிருக்கிறோம், அடுத்த ராத்திரி அதே கதையைத்தான் திரும்பக் கேட்டிருக்கிறோம். பெரிய எழுத்துப் புத்தகமாகவும், தோல்பாவைக் கூத்தாகவும் ஊர் ஊராகப் போன கதை அது. தாது வருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர்ப் பக்கமெல்லாம் ஜனங்கள் செத்தது 1876-லிருந்து 78 வரை. அம்மிச்சிக்குக் கதை சொன்ன தலைமுறைக்கு அது காது வழிச் செய்திகூட இல்லை, வீட்டு விஷயம்.

எனவே இருட்டு நமக்குப் புதுசு இல்லை. அம்மிச்சி மூளி அலங்காரிக்குக் கோரைப்பல் வைக்கவில்லை. அவள் சாதாரண வீட்டுப் பெண், கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

‘அப்படியானால் ரத்தமே வேண்டாம் என்கிறீர்களா?’ என்றால், வேண்டும், கதை கேட்கிற இடத்தில் வேண்டும். கையில்லாப் பெண் என்று கிரிம் கதை ஒன்று இருக்கிறது. மாவு அரைக்கிறவன் சாத்தானிடம் சொத்துக்காக ஒப்பந்தம் போடுகிறான், கொடுக்க வேண்டியது தன் மகளைத்தான் என்று அப்புறம்தான் தெரிகிறது. மகளின் கைகளை அப்பனே வெட்டுகிறான். இதை 2016-ல் செபாஸ்டியன் லோடன்பாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய ஒற்றை ஆளாக வரைந்து முழுப் படமாக்கினார். கோடுகள் முழுசாக மூடுவதில்லை. தூரிகை இழுப்பு இரண்டு மூன்றில் ஒரு பெண் தெரிவாள், அசையும்போது கலைவாள், திரும்பக் கூடுவாள். வெட்டுகிற இடம் வருகிறபோது நம் கண்தான் மிச்சத்தை வரைந்துகொள்கிறது. ரத்தத்தை இப்படிக் காட்டினால் நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்? அப்பன் செய்தது என்ன என்பதை அந்தப் படம் ஒரு நிமிஷம்கூட மறப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் காட்டலாம். கூட உட்காருங்கள்.

பிப்ரவரி 12, இரவு

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்சம் உள்ளே. வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். வீட்டில் தமிழ், சிலருக்குத் தெலுங்கு, பள்ளியில் பாதிப் பேருக்கு மலையாளம். அங்கே 2022-ல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்த பினோக்கியோவைப் போட்டோம், ஆறாம் வகுப்புக்கு மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும். பொம்மைகளைக் கையால் நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

கதையைக் கொண்டுபோய் முசோலினி காலத்து இத்தாலியில் வைத்திருக்கிறார்கள். கிழவர் கெப்பெட்டோவுக்குக் கார்லோ என்று நிஜமான மகன் ஒருவன் இருந்தான். போரிலிருந்து திரும்புகிற விமானம் பாரத்தைக் குறைக்க வீசிய குண்டு தேவாலயத்தில் விழுந்து அவன் சாகிறான். வருஷங்கள் போகின்றன. ஒரு ராத்திரி இடி மின்னலில், குடித்துவிட்டு, மகன் கல்லறைப் பக்கத்தில் வளர்ந்த மரத்தை வெட்டி இழுத்துவந்து அந்தக் கிழவர் பொம்மை செய்கிறார். கை நடுங்குகிறது. பாதியில் போதையில் விழுந்துவிடுகிறார். அதனால்தான் அந்தப் பினோக்கியோவுக்கு ஒரு காது இல்லை, முதுகில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது.

குண்டு விழுந்தபோது பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், பக்கத்தில் இருந்தவனைப் பிடித்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு மரம் வெட்டுகிற இடம் வந்ததும் ஹாலில் மூச்சுக்கூட கேட்கவில்லை. கள்ளுக்கடை உள்ள ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும், அந்த நடையும் அந்தக் குரலும் அவர்களுக்குத் தெரியும். படம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு பெண் வந்து கேட்டாள், ‘டீச்சர், மறுநாள் காலையில அந்தத் தாத்தாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?’ என்று. இல்லை கண்ணு, தான் செய்த பிள்ளையைப் பார்த்து அவரே பயந்துபோனார் இல்லையா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இந்தப் படத்தை இருட்டு என்று சொல்லி விலக்கினால் அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைப் போட்டுக் காட்டுவது?

பிப்ரவரி 13, காலை

மூலக் கதையும் ஒன்றும் சாது இல்லை. பினோக்கியோவை எழுதிய இத்தாலியர் கொலோடி 1881-ல் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியபோது, பதினைந்தாவது அத்தியாயத்தோடு பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு முடித்துவிட்டார். படித்தவர்கள் விடவில்லை. அப்புறம்தான் மீதி எழுதி, 1883-ல் முடிந்தது. நாம் கொண்டாடுகிற நல்ல முடிவு வாசகர்கள் கேட்டு வாங்கியது. அப்படிக் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. புதிய படத்தில் பொம்மைப் பையன் தேவாலயத்தில் சிலுவையில் தொங்குகிற மரச்சிலையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான், அவரும் மரம்தானே, அவரை மட்டும் எல்லாருக்கும் ஏன் பிடிக்கிறது, என்னை ஏன் பிடிக்கவில்லை என்று. நேற்று இதை எழுத மறந்துவிட்டேன். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பிப்ரவரி 20

எலி பிடிப்பவன் கதை கேட்டிருந்தீர்கள். 1986-ல் செக் நாட்டுக்காரர் இர்ஷி பார்த்தா எடுத்தது இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மரத்தில் செதுக்கிய முகங்கள், எல்லாம் கூர் கூராக, கோணல் மாணலாக. ஊர்க்காரர்கள் பேசுவது எந்த மொழியும் இல்லை, வெறும் உளறல் சத்தம். பேரம் பேசுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், தின்கிறார்கள், நமக்கு எல்லாம் புரிகிறது. மூன்று மொழி பேசுகிற எங்கள் ஹாலுக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா? கீழே ஓடுகிற எழுத்தை யாரும் யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு பெண்ணுக்கு நடக்கிற கொடுமை அதில் வருகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டோம். அந்தப் படத்தில், குழலூதி எலி பிடிக்கிறவன் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களையே எலியாக்கித் தண்ணீரில் விழவைக்கிறான், தொட்டில் குழந்தை ஒன்றுதான் மிஞ்சுகிறது. கதையை மாற்றியிருக்கிறார்கள்தான். பழைய கதையில் பெரியவர்கள் கூலி கொடுக்காததற்குப் பிள்ளைகள் பலியானார்கள், இதில் ஏமாற்றியவன் தலையிலேயே வந்து விடிகிறது. இப்படி மாற்றினால் எனக்குச் சம்மதம்.

சின்ட்ரெல்லாவை வில்லியாக்கிய தொடரில் எனக்கு ஏன் சம்மதம் இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அங்கே அடுப்பங்கரைச் சாம்பலில் படுத்த பெண்ணின் கஷ்டம் காணாமல் போய்விடுகிறது. வேலைக்காரியாக்கப்பட்ட பிள்ளைதான் உண்மையில் மற்றவர்களை ஆட்டிவைத்தவள் என்றால், அது அவளை வேலை வாங்கியவர்கள் சொல்ல ஆசைப்படுகிற கதை. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள், திருப்பமும் புத்திசாலித்தனமானதுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மார்ச் 1, விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். ஒற்றப்பாலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம், பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து. தை முடிந்தால் அந்தப் பக்கம் சீசன். பாட்டு நம் கம்பன் பாட்டு, விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து. ராமன் ராவணனோடு சண்டை போட்டபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனைக் கொல்லப் போயிருந்தாளாம், அந்தப் போரை அவள் பார்க்கவில்லை, அதனால் அவளுக்காக வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிறார்கள். எதிரே ஜனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். நேற்று நடுராத்திரிக்கு மேல் நாங்களும் இரண்டு நாயும்தான்.

கூத்து நடத்தவே கட்டிய மேடையான கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்கு, தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. திரையின் மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு. காற்று அடிக்கிறபோது எல்லாச் சுடரும் ஒன்றாகச் சாயும், பாவை அசையாமல் நின்றாலும் அதன் நிழல் மூச்சு விடுவது தெரியும். தோலில் துளைத்த துளைகள் வழியாக நகையும் கண்ணும் வெளிச்சமாக நிற்கும்.

அங்கே சம்புகுமாரன் கதை வரும். சூர்ப்பணகையின் மகன், காட்டில் மரமாக நின்று தவம் செய்கிறான், லட்சுமணன் தெரியாமல் வெட்டிவிடுகிறான். கம்பனில் இது கிடையாது, கூத்தில் உண்டு. மகனைத் தேடிவந்த சூர்ப்பணகை அழுகிறாள். அழுதுவிட்டுக் கொன்றவனைத் தேடிப் புறப்பட்டவள்தான் ராமனைப் பார்க்கிறாள். இப்போது யோசியுங்கள். மூக்கறுபட்ட அரக்கி என்று நாம் சிரித்த பாத்திரத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நிறுத்திவிட்டார்கள். வில்லியின் பக்கமிருந்து பழைய கதையைத் திரும்பச் சொல்வது போன வருஷம் யாரோ கண்டுபிடித்த உத்தி என்று பேசுகிறோமே, பாலக்காட்டுப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை விடிய விடியச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை. தோலும் விளக்கும் குரலும் மட்டும்.

மார்ச் 2

‘முதல் முழுநீள அனிமேஷன் படமே ஸ்னோ ஒயிட்தானே, அதற்கு முன்னால் நிழலாவது கிழலாவது’ என்று எழுதியவருக்கு: தப்பு. இன்று நமக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது 1926-ல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் முடித்த இளவரசர் அக்மதின் கதை. ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது. முழுக்க நிழலுருவங்கள். கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டி, மூட்டுக்கு மூட்டுக் கம்பியால் கோத்து, வெளிச்சக் கண்ணாடி மேல் கிடத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தி மூன்று வருஷம் செய்தார். அதற்கும் முன்பே 1922-ல் சின்ட்ரெல்லாவைச் சின்னப் படமாக எடுத்திருக்கிறார். அதில் அக்காக்காரி காலை வெட்டுவது அப்படியே இருக்கிறது. ஆனால் நிழல்தானே, அட்டையில் ஒரு துண்டு குறைகிறது. எங்கள் வாயனசாலைப் பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு ‘ஸ்ஸ்’ சொன்னார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் திரும்பப் போடச் சொன்னார்கள்.

எட்டு வயதுப் பெண்ணுக்கு எதில் தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில் இந்த நிழல் படங்கள். பயம் அளவாக இருக்கும், பிள்ளை தனக்குத் தாங்குகிற அளவுக்கு மிச்சத்தைத் தானே நினைத்துக்கொள்ளும்.

மார்ச் 8, இரவு

என்னையே மடக்குகிற ஒரு கதை: கடற்கன்னி. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-ல் எழுதியதில் அவளுக்கு இளவரசன் கிடைப்பதில்லை. நாக்கை அறுத்துக் கொடுத்துக் காலை வாங்குகிறாள், ஒவ்வொரு அடியும் கத்தி மேல் நடப்பதாக வலிக்கிறது, கடைசியில் நுரையாகிறாள். டிஸ்னி 1989-ல் கல்யாணம் செய்துவைத்தது. ஜப்பானில் தோயி நிறுவனம் 1975-லேயே எடுத்த படத்தில் அவளைச் சாகவே விட்டார்கள். இங்கே பஞ்சமும் இல்லை, கெட்ட பெற்றோரும் இல்லை, என் வாதம் எங்கே போய் நிற்கும்?

இரண்டையும் அடுத்தடுத்த சனிக்கிழமை போட்டுப் பார்த்தோம். கல்யாணப் படத்துக்குக் கைதட்டினார்கள், பாட்டைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நுரைப் படத்துக்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஏன் சொல்லவில்லை, எழுதிக் காட்டியிருக்கலாமே, அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரே சண்டை. அடுத்த வாரமும் அதே பேச்சு. ஒரு பையன் மட்டும், ‘அவன் மேல தப்பில்ல, அவளும் சொல்லல, யார் மேலயும் தப்பில்லாமலே இப்படி ஆகும் டீச்சர்’ என்றான். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆக நான் பிப்ரவரி 5-ல் எழுதியதைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். பசி, வீடு, பெற்றோர் மட்டும்தான் இருட்டு என்றில்லை. நடந்தது ஏன் நடந்தது என்று படம் உண்மையாகக் காட்டினால் போதும், முடிவு எப்படி இருந்தாலும் பிள்ளைகள் தாங்குகிறார்கள். காரணமில்லாமல் பயமுறுத்துகிற படம்தான் ராத்திரி தூங்கவிடாது.

மார்ச் 9

‘தி வுல்ஃப் ஹவுஸ்’ பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2018, சிலி நாட்டுப் படம். சுவரிலேயே வரைந்து, அழித்து, வரைந்து, ஆளுயர உருவங்களைக் கட்டிக் கலைத்து எடுத்தது. சிலியில் ஜெர்மானியர்கள் நடத்திய ஒரு கொடுங்கோல் குடியிருப்பிலிருந்து தப்பிய பெண், இரண்டு பன்றிக்குட்டிகளோடு ஒரு வீட்டில் ஒளிகிறாள். ஓநாய் வெளியே நின்று கூப்பிடுகிறது. மூன்று பன்றிக்குட்டிக் கதையை வைத்துக்கொண்டு, அடிமைப்படுத்துகிறவன் எவ்வளவு இனிப்பாகக் கதை சொல்வான் என்று காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும். பார்த்த ராத்திரி வீட்டுச் சுவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 16

கூத்து பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளிடம் சொன்னதிலிருந்து, நாமும் நிழலில் ஹான்சல் கிரேட்டல் செய்யலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி உருவம் செய்திருக்கிறார்கள். சூனியக்காரியை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அம்மா அப்பாவை வெட்டுவதற்குத்தான் நாள் பிடித்தது. அம்மா முகம் கோபமாக இருக்கணுமா, அழுகிற மாதிரி இருக்கணுமா என்று முடிவாகவில்லை. கடைசியில் அவளைப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிற மாதிரி வெட்டிவிட்டாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்றைக்கு முடிவில் வந்து மாட்டிக்கொண்டோம். கிரிம் கதையில் பிள்ளைகள் சூனியக்காரி வீட்டு முத்தையும் மணியையும் அள்ளிக்கொண்டு, வாத்தின் மேல் ஏறி ஆற்றைத் தாண்டி, வீட்டுக்கே திரும்புகிறார்கள். அம்மா செத்துப்போயிருக்கிறாள், அப்பா கட்டிப்பிடித்துக்கொள்கிறார், சுபம். ‘காட்டுல விட்டுட்டு வந்த அப்பாகிட்ட எதுக்கு டீச்சர் திரும்பிப் போகணும்? அவரும்தானே கூட்டிட்டுப் போனாரு?’ என்றான் ஒருவன். இன்னொருத்தி, அவருக்கு வேற வழி இல்ல, பசி, என்றாள். அவன், அப்ப அம்மாவுக்கு மட்டும் வழி இருந்துச்சா, அவங்க ஏன் சாகணும் என்றான். வாயனசாலைக் கதவைப் பூட்டுகிற நேரம் வரைக்கும் இது ஓடியது. நான் நடுவில் பேசவில்லை. இருநூறு வருஷமாகப் பெரியவர்கள் யாரும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வியை அவன் கேட்டுவிட்டான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மார்ச் 18

பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு முடிவும் போடப் போகிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் புத்தகத்தில் இருப்பது. இரண்டாவதில் அம்மா உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகள் முத்தையெல்லாம் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நிற்கிறார்கள், அம்மாதான் வெளியே வர வேண்டும். வருகிறாளா என்பதை அன்றைக்கு அவளை ஆட்டுகிற பிள்ளை தீர்மானிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

திரைக்கு வேட்டி இருக்கிறது. விளக்குதான் சரியாக வரவில்லை. டியூப்லைட் போட்டால் நிழல் கலங்குகிறது, செல்போன் வெளிச்சம் ஓரங்களுக்கு எட்டவில்லை, எண்ணெய் விளக்குக்குச் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் கமிட்டியில் சம்மதிக்கவில்லை. தெளிவான கண்ணாடிக்குள் ஒற்றை இழை தெரிகிற பழைய குண்டு பல்பு வேலந்தாவளத்திலோ சித்தூரிலோ எந்தக் கடையில் இன்னும் விற்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள், சனிக்கிழமைக்குள் வேண்டும்.